பழைய ஆற்றுப் பாலத்தில் எதைப் பார்ப்பது, எப்படி எழுதிவைப்பது

2021 மே மாதம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின் மேலுள்ள பெரிய இரும்புப் பாலம் ஒன்றை அவசரமாக மூடினார்கள். பாரம் தாங்கும் எஃகு உத்தரம் ஒன்று பிளந்திருந்தது. பிறகு பழைய படங்களைத் தேடிப் பார்த்ததில், 2016-இல் பாலத்தடியில் படகில் போன ஒருவர் எடுத்த படத்திலேயே அந்த விரிசல் இருந்தது தெரியவந்தது. முறையான ஆய்வுகளில் தப்பிய ஒன்று சாதாரண மனிதர் எடுத்த படத்தில் பதிவாகியிருக்கிறது. எங்கே பார்ப்பது, என்ன குறிப்போடு யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தால் இப்படிப்பட்ட படங்களுக்கு வேலை உண்டு.

பழைய பாலம் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: லாரி போனால் அதிர்கிறது, தார் பெயர்ந்திருக்கிறது, கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறது. அதிர்வு எல்லாப் பாலத்திலும் உண்டு. நேற்றுவரை இல்லாத அதிர்வோ புதுச் சத்தமோ வந்தால்தான் கவனிக்க வேண்டும். ஆற்றுப் பாலங்களை அதிகமாக வீழ்த்துவது தூணின் காலடியில் நடக்கும் மண் அரிப்பு. அதனால் தண்ணீருக்கு அடியில் தொடங்கி, தளத்தின் அடிப்பக்கம், அதன்பின் சாலை என்ற வரிசையில் பாருங்கள்.

போவதற்கு முன்

ஆற்றில் நீர் மிகக் குறைந்த மாதத்தில், பகலில், இரண்டு பேராகப் போங்கள். மேலே அணை இருந்தால் நீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், தூணில் ஏற வேண்டாம். ரயில் பாலமாக இருந்தால் கரையோடு நின்றுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஜூம் உள்ள போன் அல்லது கேமரா, 5 மீட்டர் டேப், டார்ச், நோட்டு, சில வெற்று நகல் தாள்கள் (ஜெராக்ஸ் தாள்), நீளாத கயிறு 20 மீட்டர், ஒரு கிலோ எடையுள்ள ஈயக்குண்டு. நைலான் கயிறு பாரத்தில் நீளும், அளவு பொய்யாகிவிடும்.

முதலில் தூண்களுக்கு எண் கொடுங்கள். நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடது கரை. அங்கிருந்து 1, 2, 3 என்று எண்ணி, இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள கண்ணுக்கும் அப்படியே எண் போடுங்கள். ஒவ்வொரு தூணிலும் நீர் வந்து மோதும் பக்கம், நீர் போகும் பக்கம் என்று பிரித்துக் குறியுங்கள். 'நடுத் தூண் பக்கத்தில்' என்று எழுதினால் ஆய்வுக்கு வருபவர் வேறு தூணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

தூணின் காலடி

வெள்ளம் தூணில் மோதும்போது நீர் கீழ்நோக்கித் திரும்பி, தூணைச் சுற்றிச் சுழன்று மண்ணைத் தோண்டி எடுக்கிறது. உருளைத் தூணின் முன் உருவாகும் பள்ளம் தூணின் அகலத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல் போகலாம். 2 மீட்டர் தூண் என்றால் ஏறக்குறைய 5 மீட்டர் ஆழம். வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் தளர்ந்த மணல் வந்து நிறைந்து மட்டமாகிவிடும். வெயில் காலத்தில் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். மேலே கிடப்பது பிடிப்பில்லாத மணல், அடுத்த வெள்ளத்தில் முதல் சில மணி நேரத்திலேயே அது போய்விடும். வெள்ளம் வடிந்த உடனே, 'தூண் நிற்கிறதே' என்ற ஒரே காரணத்தால் பாலத்தைத் திறந்துவிடுவது ஆபத்தாவது இதனால்தான்.

கரையிலிருந்து பார்க்கக் கூடியவை: தூணின் அடியில் பழைய நீர்க்கறைக்குக் கீழே நிறமும் சொரசொரப்பும் வேறாக ஒரு பட்டை தெரிந்தால், முன்பு அது மண்ணுக்குள் இருந்த பகுதி. தூணைவிட அகலமான அஸ்திவார மேடை வெளியே தெரிகிறதா, அதற்குக் கீழே பைல்களின் (மண்ணில் ஆழமாக இறக்கிய கால்களின்) கழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். மண்ணின் அணைப்பில் நிற்பதாகக் கணக்கிட்டுப் போட்ட பைல், மண் விலகியபின் நீண்ட ஒல்லிக் காலாக நிற்கிறது. அது பக்கவாட்டில் வளைவதைத் தடுக்க எதுவும் இல்லை. பைல் கண்ணில் பட்டால் அந்தப் படத்தை அன்றே அனுப்புங்கள்.

தூணில் சிக்கிய மரக்கட்டைகளையும் குப்பையையும் அலட்சியமாக விடாதீர்கள். 2 மீட்டர் தூணில் 6 மீட்டர் அகலத்துக்குக் கட்டை சேர்ந்தால், வெள்ளத்துக்கு அது பருத்த தூண். பள்ளமும் அதற்கேற்ப ஆழமாகும்.

அடுத்தது கயிறு. அரை மீட்டருக்கு ஒரு வண்ண நாடா கட்டி, நடைபாதை உள்ள பாலத்தில், நீர் மோதும் பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து தூணை ஒட்டிக் குண்டை இறக்குங்கள். குண்டு படுகையில் தட்டியதும் சுவரின் உச்சிக்கு நேரான அளவைக் குறியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை அளந்து நடு அளவை எடுங்கள். கண்ணின் நடுவிலும் இதேபோல் ஓர் அளவு வேண்டும். நீர் வேகமாக ஓடினால் கயிறு சாய்ந்து ஆழம் கூடுதலாகக் காட்டும், அன்று அளக்க வேண்டாம். மின்கம்பி தொங்கும் இடத்தில் கயிற்றை வீசவே கூடாது.

ஒரு முறை எடுத்த அளவு தொடக்கப் புள்ளி. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில் அளந்தால்தான் அது பேசும். தூணடியில் மட்டும் இறங்கியிருந்தால் அது அந்தத் தூணின் அரிப்பு. தூணடி, நடு இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஆற்றுப் படுகையே தாழ்கிறது. பெரும்பாலும் மணல் அள்ளுவது அல்லது மேலுள்ள அணை வண்டலைத் தடுப்பது காரணம். போர்ச்சுகலில் டூரோ ஆற்றின் ஹின்ட்சே ரிபெய்ரோ பாலத் தூண் 2001 மார்ச் 4 அன்று இப்படித்தான் சாய்ந்து 59 பேரைக் கொன்றது. பல ஆண்டு மணல் அள்ளல் படுகையைத் தாழ்த்தியிருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரலில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அங்கே தூணைச் சுற்றிக் கொட்டிய பாறாங்கற்கள் அடித்துப் போனபின் சரியாகத் திரும்பக் கொட்டவில்லை. உங்கள் பாலத்திலும் தூணைச் சுற்றிக் கல் கிடந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டு எத்தனை மிச்சம் என்று ஒப்பிடலாம்.

தண்ணீர் ஒழுகும் வழி

வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும். கான்கிரீட்டும் எஃகும் ஒரு டிகிரிக்கு, நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு நீள்கின்றன. 30 மீட்டர் கண், ஆண்டில் 40 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் சுமார் 14 மில்லிமீட்டர். இதற்காகத்தான் சாலையில் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் என்ற இடைவெளி, கீழே உத்தரம் நகர இடம் தரும் பேரிங் என்ற தாங்கி. ஜாயிண்டின் ரப்பர் போனால் மழைநீர் நேராகப் பேரிங் மேலும் உத்தரத்தின் முனை மேலும் ஊற்றுகிறது. அங்கே யார் கண்ணும் படுவதில்லை.

சாலை நடுவில் நின்று ஜாயிண்டை அளக்க வேண்டியதில்லை. அதே இடைவெளி கைப்பிடிச் சுவரிலும் தொடரும். அதை விடியற்காலையிலும் மாலை 4 மணிவாக்கிலும் அளந்து, வெப்பநிலையோடு எழுதுங்கள். ஒரு கண்ணின் ஒரு முனை நகரும்படியும் மறுமுனை நகராதபடியும் கட்டியிருக்கலாம், ஆகவே இரண்டு முனையையும் அளங்கள். கோடையிலும் குளிரிலும் எந்த முனையிலும் மாற்றமே இல்லையென்றால், கல்லும் மண்ணும் அடைத்து ஜாயிண்ட் இறுகியிருக்கலாம், அல்லது பேரிங் துருவில் பூட்டிக்கொண்டிருக்கலாம். நகர இடமில்லாத விசை பேரிங்குக்குக் கீழுள்ள பீடத்தை உடைக்கும். பீடத்தின் ஓரம் சிதைந்திருக்கிறதா, ரப்பர் பேரிங் ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிறதா என்று ஜூம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து வடிகுழாய்கள். மழை நாளில் எவையெல்லாம் ஊற்றுகின்றன, எவை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள். சின்ன வேலைபோலத் தெரியும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மியானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு கண் 1983 ஜூனில் பெயர்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன், சாலை போடும்போது வடிகால்களை மூடிவிட்டார்கள். தண்ணீர் ஜாயிண்ட் வழியாக இறங்கி, கண்ணைத் தாங்கிய தடித்த இரும்பு ஊசியிலும் தொங்கு பட்டையிலும் துருவேற்றியது. துரு பெருத்துப் பட்டையை ஊசியிலிருந்து தள்ளிவிட்டது.

விரிசல்

எல்லா விரிசலும் ஒன்றல்ல. திசையும் இடமும்தான் முக்கியம், அகலம் அதற்குப் பிறகு.

சாதாரண ஆர்.சி.சி. (உள்ளே கம்பி போட்ட கான்கிரீட்) உத்தரத்தின் நடுவில், அடியிலிருந்து மேல்நோக்கி முடி போன்ற மெல்லிய விரிசல் இருப்பது இயல்பு. முனையில், தாங்கும் இடத்துக்கு அருகே, சாய்வாக 45 டிகிரி வாக்கில் ஓடும் விரிசல் அப்படியல்ல. அது வெட்டுவிசை விரிசல், முன்னறிவிப்பு அதிகம் தராமல் உடையும் வகை. கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக, பழுப்புக் கறையோடு விரிசல் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். வெறும் வெள்ளைப் படிவம் தண்ணீர் ஊடுருவுவதைக் காட்டுகிறது. வெள்ளையோடு பழுப்பும் சேர்ந்தால் அவசரம் கூடும்.

30 மீட்டருக்கு மேல் நீண்ட கான்கிரீட் கண்கள் பெரும்பாலும் ப்ரீஸ்ட்ரெஸ்டு வகை. உள்ளே இழுத்துக் கட்டிய கம்பிகள் கான்கிரீட்டை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே நடுவில் அடியில் மெல்லிய குறுக்கு விரிசல் தெரிந்தாலும் புகார் செய்யத் தக்கது.

அகலத்துக்குக் கருவி வேண்டாம். கட்டில் '80 கிராம்' என்று போட்டிருக்கும் நகல் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கைக்கு எட்டும் விரிசலில் மூன்று தாள் சேர்ந்து நுழைந்தால் 0.3 மில்லிமீட்டர். கான்கிரீட் வடிவமைப்பில் வழக்கமாக அனுமதிக்கும் வரம்பு அதுதான். வங்கி அட்டை 0.76 மில்லிமீட்டர், அது நுழைந்தால் தாமதிக்காதீர்கள். படமெடுக்கும்போது பக்கத்தில் டேப்பை வைத்து எடுங்கள்.

இரும்புப் பாலத்தில் பெயின்ட் மேல் நேர்க்கோடாக ஒழுகிய துருவைத் தேடுங்கள், குறிப்பாக வெல்டிங் ஓரங்களில். கல் வளைவுப் பாலத்தில் பக்கச் சுவர் வெளியே புடைப்பதும், வளைவில் கல் உதிர்ந்த பொந்தும், வேர் விட்ட ஆல், அரசங்கன்றுகளும் பார்க்க வேண்டியவை. கன்றை மேலோடு வெட்டினால் வேர் உள்ளேயே தடித்துக்கொண்டிருக்கும்.

கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. 1967 டிசம்பரில் அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறக்கக் காரணமான விரிசலின் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான், பாகத்தைக் கழற்றாமல் அதைப் பார்த்திருக்க முடியாது. 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தில் ஒரு பகுதி எல்பே ஆற்றில் விழுந்தது, உள்ளே மறைந்திருந்த ப்ரீஸ்ட்ரெஸ்டு கம்பிகள் அறுந்ததால். நீங்கள் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்பது பாலம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

சாலையின் மேல்

நடைபாதை ஓரக்கல்லின் உயரத்தை அளங்கள். முதலில் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த கல் இப்போது 10 சென்டிமீட்டர் மட்டும் தெரிந்தால், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருக்கிறார்கள். 5 சென்டிமீட்டர் தார் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. 7.5 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணில் அது 27 டன், இரவும் பகலும் இறங்காத சுமை. அமெரிக்காவின் மினியாபோலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று 13 பேரைப் பலிகொண்ட பாலத்தில் மூலக் குறை, இணைப்புத் தகடுகளின் தடிமன் தேவையில் பாதிதான் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஏற்றிய தள எடையும் அன்று மேலே குவித்திருந்த கட்டுமானப் பொருளும் அதை உடைத்தன.

பிறகு கைப்பிடிச் சுவரின் உச்சியோடு கண்ணை வைத்து நீளவாட்டில் பாருங்கள். தூணின் மேல் கோடு ஒடிந்ததுபோல் தெரிந்தால் தூண் இறங்கியிருக்கலாம். இரண்டு தூணுக்கு நடுவே மெல்லத் தொய்ந்திருந்தால் உத்தரம் தளர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று படமெடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஜாயிண்டில் திடீரென ஒரு படி, கைப்பிடி வரிசையில் புது ஒடிவு, தளத்தில் ஆறு தெரியும் ஓட்டை, பேரிங்கிலிருந்து நழுவிய உத்தரம், சாய்ந்த தூண், கரையை ஒட்டிய சாலைக்கு அடியில் மண் கரைந்து தார் மட்டும் தொங்குவது: இவற்றில் எதைப் பார்த்தாலும் பாலத்தை விட்டு விலகி, காவல்துறைக்கு அழைத்து, இரு பக்கமும் தள்ளி நின்று வண்டிகளை நிறுத்துங்கள். படமெடுக்கப் பாலத்தின் மேல் திரும்பிப் போகாதீர்கள். வெள்ளம் உத்தரத்தின் அடியைத் தொட்டுவிட்டால் கடக்கவே வேண்டாம். அப்போது நீர் பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, தூக்கவும் செய்கிறது. 2016 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் மஹாட் அருகே சாவித்ரி ஆற்றின் பழைய கல் பாலம் இரவு வெள்ளத்தில் போனபோது பேருந்துகளும் அதோடு போயின.

புகாரில் என்ன எழுதுவது

'பாலம் எப்போது வேண்டுமானாலும் இடியும்' என்ற வரி கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: 'இடது கரையிலிருந்து 3-ஆவது தூண், நீர் மோதும் பக்கம். கைப்பிடிச் சுவர் உச்சியிலிருந்து படுகை, சென்ற ஆண்டு 9.2 மீட்டர், இப்போது 10.6 மீட்டர். கண் நடுவில் மாற்றமில்லை. தூரத்துப் படம், நடுத்தரப் படம், டேப்போடு நெருக்கப் படம் இணைப்பு.' இந்த வரியைப் படித்த பொறியாளர் அதைத் தள்ளிவைக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

முதலில் பாலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்: நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சி, ரயில்வே, நீர்ப்பாசனத் துறை. பிறகு எழுத்தில் கேளுங்கள்: கடைசி ஆய்வு எந்தத் தேதி, நீருக்கடியில் பார்த்தது எந்தத் தேதி, அஸ்திவாரம் படுகைக்குக் கீழே எவ்வளவு ஆழம், அனுமதித்த பாரம் எத்தனை டன். ஒப்பிட ஓர் அளவுகோல்: அமெரிக்காவில் வழக்கமான இடைவெளி, பொது ஆய்வுக்கு 24 மாதம், நீரடி ஆய்வுக்கு 60 மாதம்.

ஐந்தாவது கேள்விதான் கனமானது: முந்தைய ஆய்வு சொன்ன பழுதுகளில் எவை முடிந்தன, எவை நிலுவை? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கின் ஃபெர்ன் ஹாலோ பாலம் 2022 ஜனவரியில் விழுவதற்கு முன் ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்ப அதே அரிப்பைச் சொல்லியிருந்தன, பழுதுதான் பார்க்கவில்லை. அதே போல, 'பழுது முடிந்தது' என்று பதில் வந்தால் எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று கேளுங்கள். 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் புதுத் தளத்தோடு திறந்த சில நாளிலேயே அறுந்து 135 பேர் இறந்தார்கள். தளத்தை மாற்றியவர்கள் பழைய முதன்மைக் கேபிளை அப்படியே விட்டிருந்தார்கள்.

பதில் வந்ததும் அதன் நகலையும் உங்கள் அளவுகளையும் ஒரே கோப்பில் வைத்து, அருகில் வசிக்கும் இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஒவ்வொரு பெரு வெள்ளத்துக்குப் பின்னும் நீர் தணிந்த முதல் வாரத்தில் எல்லாத் தூணிலும் கயிறை இறக்குங்கள்.