மட்டிச் சிப்பியும் கருவைச் சாம்பலும்: வீட்டில் பீங்கான் செய்து பார்ப்பவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் பெரியபட்டினத்தில் பெருமழை ஓய்ந்ததும் கொல்லைப்பக்கம் பீங்கான் ஓடு மேலே வந்து கிடக்கும். சின்ன வயதில் அதைச் சில்லாக வைத்துப் பாண்டி ஆடுவோம். பெரும்பாலும் வெள்ளையில் நீலக் கோடு இருக்கும். எப்போதாவது ஒன்று, காற்று அடங்கிய காலையில் கரையோரத் தண்ணீர் இருக்குமே, அந்தப் பச்சையில் கிடைக்கும். 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஊரில் அகழாய்வு செய்த பிறகுதான், அவை 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவிலிருந்து மரக்கலத்தில் வந்தவை என்று வாப்பா எனக்குச் சொன்னார். அந்த ஓடுகளை இப்போது யாரும் பொறுக்கவோ தோண்டவோ வேண்டாம். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் ஆய்வுக்கு உதவும். எனக்கு அன்றைக்குப் பிடித்த ஆசை, அந்தப் பச்சையை ஒருமுறையாவது என் கையால் வரவழைக்க வேண்டும் என்பது.

பிறகு மின்கம்பத்தில் மாட்டும் வெள்ளை இன்சுலேட்டர் செய்யும் ஆலையில், மண் சோதிக்கும் அறையில் 14 வருடம் வேலை பார்த்தேன். ஊர் திரும்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கேஸ் சூளை வைத்து, 6 வருடமாகச் செய்து பார்க்கிறேன். எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தின் உடல் மண்ணைக் காசு கொடுத்து வாங்குங்கள். மேல்பூச்சுக்கு வேண்டியதை ஊரில் தேடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வருடம் போக்கினேன். நம் கண்மாய்க் களிமண்ணில் இரும்பும் உப்பும் அதிகம். பானைக்கு அது அருமையான மண். ஆனால் பீங்கான் வேகும் 1280 டிகிரிக்கு ஏற்றியபோது நான் செய்த கிண்ணம் உருகித் தட்டில் படிந்துவிட்டது. படிந்தது என்னவோ பளபளவென்று கருப்பு மெருகாக இருந்தது! அதே மண்ணைக் கரைத்து, சலித்து, பீங்கான் மேல் பூசினால் அழகான கரும்பழுப்பு கிளேஸ், அதாவது கண்ணாடிபோன்ற மேல்பூச்சு, கிடைக்கும். உடலாக நிற்காத மண் மேல்பூச்சாக நின்றது. அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

பீங்கான் மண்ணை ஒரே இடத்தில் வெட்டி எடுக்க நமக்கு வாய்ப்பில்லை, மூன்று சரக்கைக் கூட்டித்தான் செய்ய வேண்டும். சைனா களிமண் உருவம் கொடுக்கும். ஃபெல்ஸ்பார் சூட்டில் உருகி மற்றதைப் பிணைக்கும். குவார்ட்ஸ், அதாவது நம் வெங்கச்சங்கல், வளையாமல் தாங்கும். பழைய கணக்கு எடையில் 50, 25, 25. நான் கடைசியாக வந்து நின்றது சைனா களிமண் 48, பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 27, குவார்ட்ஸ் 22, வெள்ளை பெண்டோனைட் 3. பெண்டோனைட் நன்றாக ஒட்டி இழுபடும் ஒரு களிமண். அது இல்லாவிட்டால் இந்த மண் சக்கரத்தில் ஈரச் சுண்ணாம்பு மாதிரி கிழியும். 5-க்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும். கேரளத்தில் குண்டறை, திருவனந்தபுரம் பக்கம் நல்ல சைனா களிமண் வெட்டுகிறார்கள். கரூர், நாமக்கல் பக்கம் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கிடைக்கும். நான் எல்லாவற்றையும் விருத்தாசலத்தில் மூட்டையாக வாங்கி வருகிறேன். 200 மெஷ் தூள் என்று கேளுங்கள், அதாவது அங்குலத்துக்கு 200 கண் உள்ள சல்லடையில் சலித்தது. கடற்கரை வெள்ளை மணலை அரைத்து குவார்ட்ஸுக்குப் பதிலாகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் சிப்பித் துணுக்கும் உப்பும் கருமணலும் கலந்திருக்கும்.

தூள் கொட்டும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். என் பட்டறையில் துடைப்பமே கிடையாது.

அடுத்து தண்ணீர். நம் கரையில் இதற்குத்தான் அதிக யோசனை வேண்டும். முதல் வருடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே மண்ணைக் குழைத்தேன். கிண்ணம் காய்ந்ததும் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் படலம் எழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் எந்த இடத்தில் வேகமாக ஆவியாகிறதோ அங்கே உப்பைச் சுமந்துகொண்டு போய்விடும், அதனால்தான் விளிம்பில் சேர்கிறது. அந்தச் சூளையில் 11 கிண்ணங்களுக்கும் விளிம்பில் கிளேஸ் கொப்பளித்தது. இப்போது மாடியில் பிடித்த மழைத்தண்ணீர்தான். அது தீர்ந்தால் மணல்மேட்டு ஊற்றில் கொட்டாங்கச்சியால் மோந்து இரண்டு குடம் கொண்டுவருவேன். எந்தத் தண்ணீர் என்றாலும் ஒரு டம்ளர் எடுத்து எவர்சில்வர் தட்டில் வற்றக் காய்ச்சிப் பாருங்கள். தட்டில் வெள்ளையாகப் படிந்தால் அது மண்ணுக்கு ஆகாது.

இன்னொரு பகை துரு. கடற்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். ஒருமுறை சல்லடைக் கம்பி துருப்பிடித்திருந்ததைக் கவனிக்காமல் சலித்துவிட்டேன். வெள்ளைக் கிண்ணமெல்லாம் அம்மை போட்டதுபோல் பழுப்புப் புள்ளியோடு வந்தது. பிளாஸ்டிக் வாளி, நைலான் சல்லடை, மரக் கரண்டி, இவை போதும். கரைசலுக்குள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றி நாலு தடவை ஓட்டி எடுங்கள். பையில் ஒட்டி வரும் கருந்தூளைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்.

கலக்கும் முறை எளிது. பெண்டோனைட்டை மட்டும் முந்தின இரவே வெந்நீரில் தூவி ஊறவையுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும். மறுநாள் 100 மெஷ்ஷில் வடிகட்டி, பழைய வேட்டித் துணியில் கட்டித் தயிர் வடிப்பதுபோல் தொங்கவிடுங்கள். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்ததும் பிசைந்து, பாலித்தீனில் இறுகக் கட்டி, நிழலில் ஒரு மாதம் வையுங்கள். கிலோவுக்கு ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்தால் சீக்கிரம் இழுவை வரும். புளித்த வாசம் வரும், வரட்டும்.

பாத்திரம் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் சோதனைப் பட்டை. 13 செ.மீ. நீளத்தில் ஐந்து பட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ. கோடு கிழியுங்கள். சுட்டு எடுத்தபின் அந்தக் கோடு எனக்கு 8.7 செ.மீ. ஆனது, அதாவது 13 சதவீதம் சுருங்கியது. இது தெரிந்தால்தான் எந்த அளவில் கிண்ணம் செய்ய வேண்டும் என்பது தெரியும். ஒரு பட்டையை இரண்டு முட்டுக்கு நடுவே பாலம்போல் வைத்துச் சுடுங்கள். நடுவில் தொய்ந்தால் ஃபெல்ஸ்பார் கூடிவிட்டது. கிளேஸ் இல்லாத ஒரு பட்டையை நிறுத்து, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 100 கிராம் 100.5 ஆனால் நல்ல பீங்கான். 103 ஆனால் இன்னும் வேகவில்லை, அடுத்த கலவையில் ஃபெல்ஸ்பாரை 2 கூட்டி அதற்கு ஈடாகக் குவார்ட்ஸை 2 குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது.

காயவைப்பதில் காற்றைப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிண்ணத்தின் ஒரு பக்கம் முதலில் காய்ந்து இழுத்துக்கொள்ளும். நான் ஈரச் சாக்கு போர்த்திய அட்டைப்பெட்டிக்குள் நாலு நாள் வைத்து, பிறகுதான் வெளியே எடுப்பேன். கோணிய விளிம்பைக் கையால் நிமிர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் உண்டு, சூளையில் மறுபடி பழைய கோணலுக்கே போய்விடும். முதல் சூடு 950 டிகிரி. 600 வரை மெதுவாக ஏற்றுங்கள், மண்ணோடு பிணைந்த நீர் வெளியேறுவதும் 573-இல் குவார்ட்ஸ் உப்புவதும் அந்த எல்லைக்குள்தான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, மேல்பூச்சு. 1280 டிகிரிக்கு உலகம் முழுக்கக் குயவர்கள் கையாளும் கணக்கு ஒன்று உண்டு: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புத் தூள் 20, சைனா களிமண் 10. அந்த 20-ஐ நம் அடுப்படியிலேயே எடுக்கலாம். மட்டி அவித்துத் தின்றபின் எறியும் சிப்பி கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட்தான். உம்மா எனக்காக ஒரு வாளி தனியாக வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டு ராத்தாக்களும் கொண்டுவந்து கொட்டுவார்கள். கடலில் இறங்கி எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பவளம் 1972-ஆம் வருட வனவுயிர்ச் சட்டப்படி தொடவே கூடாதது, சங்கு சிப்பியிலும் சில வகைகளுக்குத் தடை உண்டு. சமையல் சிப்பியே தாராளமாகப் போதும்.

சிப்பியை மூன்று நாள் நல்ல தண்ணீரில், தினம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுங்கள். காய்ந்ததும் கொட்டாங்கச்சித் தணலில் ஒரு மணி நேரம் புதையுங்கள். வெள்ளைச் சிப்பி சாம்பல் நிறமாகி, விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும். அந்தச் சத்தம் கேட்டால் பதம் வந்துவிட்டது. ஒரு துண்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சும்மா உறிஞ்சிக்கொண்டால் சரி. சீறிச் சூடானால் அது சுட்ட சுண்ணாம்பாகிவிட்டது. கையை அரிக்கும், எடைக் கணக்கும் மாறும்: 100 கிராம் சிப்பி முழுதாக வெந்தால் 56 கிராம்தான் மிஞ்சும். பதமாக வந்ததை உரலில் இடித்து 100 மெஷ்ஷில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூள் ஒரு சிட்டிகைகூட உடல் மண்ணில் விழாமல் பாருங்கள். முதல் சூட்டில் வெந்த சிப்பித் துணுக்கு, அலமாரியில் இருக்கும்போதே ஈரக்காற்றைக் குடித்து உப்பி, கிண்ணத்தில் பொட்டுப் பொட்டாகச் சில்லைத் தெறிக்கவைக்கும்.

கருவைச் சாம்பலுக்கு இவ்வளவு பாடில்லை. கருவேல விறகைக் கரிமூட்டம் போட்ட இடத்திலிருந்து சாம்பலை அள்ளிச் சலித்து, தண்ணீரில் கரைத்து, வழுவழுப்பான மேல்நீரைக் கையுறையோடு மூன்று தடவை கொட்டிவிட்டுக் காயவையுங்கள். சாம்பல் 2, ஃபெல்ஸ்பார் 2, சைனா களிமண் 1 என்று சேர்த்தால் ஓடி வழியும் கிளேஸ் வரும். சீனாவில் ஜிங்டெசென் குயவர்கள் சுண்ணாம்புக்கல்லைப் பெரணிச் செடியோடு அடுக்கி எரித்து மெருகுக்குச் சேர்த்தார்கள். சிப்பியும் விறகுமாக நம் அடுப்பில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான் என்று புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பச்சைக்கு வருகிறேன். சிப்பிக் கிளேஸை இரண்டு பாத்திரத்தில் கரையுங்கள். ஒன்றில் இரும்பு இல்லை, மற்றதில் சிவப்பு இரும்பு ஆக்சைடு 2 சதவீதம். இரண்டும் ஒரே மோர் பதம். 100 மி.லி. எடுத்து நிறுத்தால் இரண்டும் 145 கிராம் இருக்க வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சால் 10-0, 8-2, 6-4, 4-6, 2-8, 0-10 என்று கலந்து ஆறு சோதனை ஓட்டில் பூசுங்கள். இரும்பு 0-இலிருந்து 2 வரை படிப்படியாக ஏறிவிடும், நிறுக்கும் வேலை ஒரே தடவைதான். ஓட்டின் அடியில் காவிக் கரைசலால் எண் எழுதுங்கள், அது சூளையில் அழியாது. கனமாகப் பூச வேண்டும், மூன்று முக்கு.

சூளை 950 தாண்டியதும் புகைப்போக்கியைப் பாதி அடைத்துக் காற்றைக் குறையுங்கள். தீக்கு மூச்சுத் திணறினால்தான் அது இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும், பச்சை வரும். காற்று தாராளமாகப் போனால் வைக்கோல் மஞ்சள்தான். இந்த நேரத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். சூளை திறந்தவெளியில் இருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. கச்சானில் நான் வைத்த சூளையில் ஒரே கிண்ணம் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சையாக வந்தது. அதற்குப் பிறகு தை, மாசியில், விடியலில் காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துத்தான் பற்றவைக்கிறேன். சூளைக்குள் வைக்கும் 10-ஆம் எண் கோன், அதாவது குறித்த சூடு வந்ததும் வளையும் சின்னக் கூம்பு, சாய்ந்ததும் கேஸை அடைத்து, சூடு 100-க்குக் கீழே வரும்வரை கதவைத் தொடாதீர்கள்.

போன மாசியில் 4-6 ஓடு, அதாவது இரும்பு 1.2 சதவீதம், அந்தப் பச்சையில் வந்தது. வாப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கொல்லையில கிடந்ததா, நீ சுட்டதா?” என்று கேட்டார்.

அந்த ஓட்டில் மெல்லிய மயிரிழை விரிசல் இருக்கிறது. வெந்நீரிலிருந்து எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டதும் இன்னும் கூடியது. கிளேஸ் உடலைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்று அர்த்தம், குவார்ட்ஸை 3 கூட்ட வேண்டும். பாதி எலுமிச்சையை ஓர் இரவு கவிழ்த்து வைத்தும் பார்த்தேன், பளபளப்பு மங்கவில்லை. ஈயம் எதிலும் சேர்ப்பதில்லை. கூட்டும் 3-க்கு, அரிசி ஆலையில் வாங்கிய உமிச் சாம்பலை வெள்ளையாகும்வரை எரித்து வைத்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி சிலிகாதான், குவார்ட்ஸும் அதுவேதான். புது ஓடுகளுக்கு 31-இலிருந்து எண் போட்டாயிற்று, தை பிறந்ததும் சூளை.