வனச் சிற்றாந்தையைப் பின்தொடர்ந்து அதன் காட்டை அறிவது எப்படி

மத்திய, மேற்கு இந்தியாவின் இலையுதிர் காடுகளில் மட்டுமே வாழும் வனச் சிற்றாந்தை, 1884-க்குப் பிறகு நம்பத்தக்க பதிவு எதுவும் இல்லாததால் அற்றுப்போன இனம் என்றே பலராலும் கருதப்பட்டு, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசன் குழுவினரால் மீண்டும் கண்டறியப்பட்டது. பின்னர் மகாராஷ்டிரத்தின் மேல்காட், தான்சா, மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா எனப் பல இடங்களில் இருந்தும் பதிவுகள் வந்தன. ஆயினும் இந்தப் பறவை எங்கே தென்பட்டது என்று தெரிவது ஒன்று. அது உயிர் வாழ எவ்வளவு காடு, எத்தகைய காடு தேவை என்று தெரிவது வேறு. இரண்டாவதற்கு விடை காண, குறிப்பிட்ட சில பறவைகளுக்கு ரேடியோ கருவி பொருத்தி மாதக்கணக்கில் தொடர்ந்து பின்பற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அனுமதிதான் முதல் வேலை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, மாநிலத்தின் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெறாமல் எந்த ஆந்தையையும் பிடிக்கக் கூடாது. ரேடியோ அலைவரிசையைப் பயன்படுத்துவதற்குத் தனி அனுமதி தேவை. இவற்றுக்கு மாதங்கள் ஆகும் என்பதால், தேக்கு இலை உதிரும் பருவத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இலையற்ற காட்டில்தான் பறவையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது எளிது.

அடுத்தது, சரியான பறவையை அடையாளம் காண்பது. அதே காட்டோரத்தில் புள்ளி ஆந்தையும் இருக்கும், அளவிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. புள்ளி ஆந்தையின் தலையில் வெண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். வனச் சிற்றாந்தையின் தலையில் அவை மங்கி, ஏறக்குறைய வெறும் பழுப்பாகத் தெரியும். மார்பு அடர்பழுப்பு, அடிவயிறு தூய வெள்ளை, வாலிலும் இறக்கையிலும் அகன்ற வெண்பட்டைகள். பகலிலேயே உயர்ந்த மரத்தின் மொட்டைக் கிளையில் வெளிப்படையாக அமர்வதும், கலவரப்பட்டால் வாலைப் பக்கவாட்டில் வெடுக்கென ஆட்டுவதும் இதன் வழக்கம்.

தேடும்போது ஓரிடத்தில் சில நிமிடங்கள் ஓசையின்றிக் காத்திருந்து, எதுவும் கேட்காவிட்டால் மட்டுமே பதிவுசெய்த குரலைச் சிறிது நேரம் ஒலிக்கச் செய்யலாம். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கக்கூடிய நாட்களில் அதையும் தவிர்ப்பதே நல்லது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: ஒலிக்கு மறுமொழியாகப் பறவை வந்து அமர்ந்த மரம் நாம் அழைத்ததால் வந்த மரமே தவிர, அது தானாகத் தேர்ந்த மரம் அன்று. அந்தப் புள்ளியை வாழிடத் தரவில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இடக்குறிப்பு பொய்யானால் என்ன நேரும் என்பதற்கு இந்தப் பறவையின் வரலாறே சான்று. 1914-இல் குஜராத்தில் எடுத்ததாகச் சீட்டு ஒட்டப்பட்டிருந்த ஓர் அருங்காட்சியக மாதிரி, உண்மையில் வேறிடத்தில் எடுத்துத் திருடப்பட்ட பழைய மாதிரி என்று தெரியும்வரை, அந்தச் சீட்டு தேடியவர்களைத் தவறான காட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

பிடிப்பதும் டேக் (ரேடியோ கருவி) பொருத்துவதும் பயிற்சி பெற்றவர் கையால் மட்டுமே நடக்க வேண்டும். கருவியின் எடை பறவையின் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 240 கிராம் எடையுள்ள பறவைக்குப் பட்டை, பசை எல்லாம் சேர்த்து 7 கிராமுக்குச் சற்று மேல்தான் இடம். இந்த எடைக்குள் நீண்ட காலம் உழைக்கும் பேட்டரியும் அடிக்கடி இடம் குறிக்கும் ஜிபிஎஸ்ஸும் ஒருசேரக் கிடைப்பது கடினம் என்பதால், ரேடியோ சமிக்ஞை அனுப்பும் சிறிய விஎச்எஃப் டிரான்ஸ்மிட்டரை நடு வாலிறகில் கட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். அந்த இறகு உதிரும்போது கருவியும் விழுந்துவிடும். முதுகில் மாட்டும் பட்டை தளர்ந்தாலோ இறுகினாலோ பறவைக்கே ஆபத்து.

டேக் பொருத்திய முதல் சில நாட்களின் தரவை ஒதுக்கிவிட்டு, பிறகு பின்தொடரத் தொடங்கலாம். சமிக்ஞை வரும் திசையைக் காட்டும் யாகி ஆன்டெனாவை மெல்லச் சுழற்றினால் ரிசீவரின் 'டிக்' ஒலி ஒரு பக்கம் உச்சத்துக்குப் போகும். உச்சத்தைக் காதால் சரியாகக் கணிக்க முடியாது என்பதால், அது இருபுறமும் மங்கும் இரு திசைகளைத் திசைகாட்டியில் குறித்து, அவற்றின் நடுவை எடுக்க வேண்டும். இப்படி எடுத்த திசைகளை வரைபடத்தில் கோடுகளாக வரைந்தால் அவை வெட்டும் இடமே பறவை இருக்கும் இடம்; மூன்று இடங்களிலிருந்து, பறவை நகர்வதற்குள், கோடுகள் செங்கோணத்துக்கு அருகில் வெட்டும்படி எடுப்பது முறை. ஐந்து டிகிரிப் பிழை 500 மீட்டர் தொலைவில் 44 மீட்டர் விலகலைத் தரும். தேக்குக் காட்டுக்கும் அதை ஒட்டிய வயலுக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இருக்காது. எனவே வேலை தொடங்குமுன், ஒருவர் டிரான்ஸ்மிட்டரைத் தெரிந்த இடங்களில் ஒளித்து வைக்க, மற்றவர் அதன் திசையைக் கணித்து, குழுவின் உண்மையான பிழையை அளந்துகொள்ள வேண்டும். பாறைச் சரிவுகளில் சமிக்ஞை எதிரொலித்துப் பொய்த் திசை காட்டும்; அங்கே மேட்டின் மேலேறி மறுபடியும் பார்ப்பதே வழி.

பகலில் நடமாடும் பறவை என்பதால், பல நேரங்களில் சமிக்ஞையைப் பின்பற்றி நேரில் சென்றே பார்த்துவிடலாம். வால் ஆடத் தொடங்கினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அது பறந்து போன மரத்தை விட்டுவிட்டு, முதலில் இருந்த மரத்தையே பதிய வேண்டும். காலை, நண்பகல், அந்தி, இரவு எல்லாவற்றிலும் பதிவுகள் இருக்க வேண்டும். நமக்கு வசதியான நேரத்தில் மட்டும் போனால் நம் வசதியின் வரைபடம்தான் கிடைக்கும். மேல்காட்டில் கோர்க்குப் பழங்குடி மக்களின் துணையோடு நடப்பவர், எந்தப் பொந்து மரம் எந்த ஓடைக்கரையில் நிற்கிறது என்பதை எந்தச் செயற்கைக்கோள் படத்தையும்விட விரைவில் அறிவார்.

நடமாடும் பரப்பைக் கணக்கிட, வெளிப்புள்ளிகளை இணைக்கும் பலகோண முறை எளிது. ஆனால் பறவை ஒருமுறைகூடப் போகாத வயலையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கே அதிகம் தங்கியது என்று காட்டும் கெர்னல் முறையையும் உடன் பயன்படுத்த வேண்டும். புள்ளிகள் சேரச் சேரப் பரப்பு வளர்ந்துகொண்டே போனால், பின்தொடர்வது இன்னும் போதவில்லை என்று பொருள்.

வாழிடத் தேவையைச் சொல்வது ஒப்பீடுதான். ஆந்தை பயன்படுத்திய மரங்களைச் சுற்றி அளவெடுப்பதோடு, அதே பரப்புக்குள் குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களிலும் அதே அளவுகளை எடுக்க வேண்டும்: மரச்சுற்றளவு, விதான மூட்டம், பொந்துகளின் எண்ணிக்கை, தரையில் புல்லா வெற்று மண்ணா, வெட்டவெளி எவ்வளவு தூரம். பல்லியும் சிறு எலியும் இதன் முக்கிய இரைகளாதலால் தரையின் நிலையைக் கவனமாகக் குறிக்க வேண்டும். பொந்து அதிகம் இருக்கும் இடத்தில் ஆந்தை இருந்தது என்று மட்டும் எழுதினால் அது வெறும் வருணனை. காடு முழுவதும் பொந்து இருந்தும் குறிப்பிட்ட சில மரங்களையே அது நாடியது என்றால்தான் அது தேர்வு. தங்குமரத்தின் அடியில் கிடக்கும், செரிக்காததை ஆந்தை கக்கிய உருண்டைகளைத் தேதியிட்டுத் தனித்தனி உறைகளில் உலர்த்தி வைத்தால், உள்ளிருக்கும் தாடை எலும்பும் செதிலும் இரையைச் சொல்லும்.

சமிக்ஞை நாள் முழுதும் அசையாமல் ஒரே இடத்திலிருந்து வந்தால் அன்றே போய்ப் பார்க்க வேண்டும். உதிர்ந்த ஒற்றை வாலிறகோடு டேக் கிடந்தால் பின்தொடர்தல் முடிந்தது என்று எழுதலாம். சுற்றிலும் இறகுகள் சிதறியிருந்தால் அதை இறப்பு என்றே பதிந்து, இடத்தையும் தடயங்களையும் படமெடுத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டு மரங்களின் துல்லியமான ஆயத்தொலைவுகளை வனத்துறைக்கு மட்டும் கொடுத்து, பொதுவில் வெளியிடும் அறிக்கையில் வனச்சரகத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.