அதிகாரத்தைக் கேலி செய்யும் சிற்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் புதிதாகக் களிமண் பிடித்த மூன்று பேரின் வேலையைப் பார்த்தேன். மூவரும் ராணுவத் தளபதியைத்தான் செய்திருந்தார்கள். நான் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடத்தில் மூவரும் சறுக்கியிருந்தார்கள். உள்கம்பி சரிவது, மண் வெடிப்பது எல்லாம் கை பழகினால் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயங்கரமாகச் செய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சர்வாதிகாரியை ஆளைவிடப் பெரிதாக எழுப்பி, கோரைப்பல் வைத்து, மார்பு நிறையப் பதக்கம் குத்தி, பீடத்தில் ஏற்றிவிடுவது. அப்படி ஒன்றுக்கு நான் ஏழு மாதம் உழைத்தேன். அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, காட்சிக்கு வைத்த முதல் நாளே ஒருவர் தன் மகனை அதன் காலடியில் நிறுத்திப் படம் எடுத்தார். "என்ன கம்பீரம்!" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணாந்து பார்க்க வைத்தது நான்தானே. மக்கள் தன்னைக் கண்டு நடுங்க வேண்டும் என்பதுதான் சர்வாதிகாரியின் ஆசை. அதை நானே கூலி வாங்காமல் செய்துகொடுத்திருந்தேன்.

அப்புறம்தான் ஒனோரே டோமியேயின் தலைகளைக் கவனித்துப் பார்த்தேன். பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பைக் கேலிச்சித்திரம் வரைந்ததற்காக 1832-இல் சிறைக்குப் போனவர் அவர். அந்த ஆண்டுகளில் அவர் களிமண்ணில் செய்த அரசியல்வாதிகளின் தலைகளில் 36 இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. சுடாத களிமண், மேலே வண்ணம், உயரம் ஏறத்தாழ ஒரு சாண். சொருகிய இமை, தொங்கும் தாடை, உள்ளே போன வாய். குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிந்ததுமே எதிரில் இருப்பவர் சிறுத்துப்போகிறார்.

முகத்தை மட்டும் நம்புவது

1851 வாக்கில் அதே டோமியே செய்த ரத்தாப்வாலைப் பாருங்கள். அப்போதைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியனுக்காக ஊரை மிரட்டும் அடியாளின் உருவம். முகத்தைக் கையால் மறைத்தாலும் வளைந்த முதுகும் தடியில் சாய்ந்த உடம்பும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சீருடையைக் கற்பனையில் தைப்பது

1920-இல் பெர்லினில், போரையும் மரபையும் கேலி செய்த டாடா கலை இயக்கத்தின் கண்காட்சியில் பன்றி முகம் வைத்த ராணுவ அதிகாரியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். ராணுவத்தை அவமதித்ததாக வழக்கே வந்தது. சீருடை அசலாக இருந்ததால் உறைத்தது. கால் தரையில் படாததால் மிடுக்கும் போனது.

பெயர்ப்பலகை

வேண்டாம்.

சிப்பாயைக் கேலி செய்வது

உத்தரவு போட்டவன் அவனில்லை. அவனை விட்டுவிடுங்கள்.