பழைய ரிப்பீட்டரின் மோர்ஸ் அடையாளத்தை மாற்றி எழுதுவது

ரிப்பீட்டர் (வானொலி சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) தன் அழைப்புக் குறியை மோர்ஸில் ஒலிக்கும். அந்தக் குறியை 2716 ஈப்ராமில் (புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதும் நினைவகச் சில்லு) வைத்திருக்கும் பலகைகளில் கவுண்டர் (எண்ணும் சுற்று) ஒவ்வொரு முகவரியாக நகரும். வெளிவரும் ஒரு பிட் 1 என்றால் ஒலி, 0 என்றால் மௌனம். (சில பலகைகளில் இது தலைகீழ்.) முதலில் பழைய சில்லைப் படித்துக் கோப்பாகச் சேமியுங்கள், எந்த பிட், எந்தத் திசை என்பதை அதுவே காட்டிவிடும்.

புள்ளிக்கு 1, கோட்டுக்கு 111. எழுத்துக்குள் இடைவெளி 0, எழுத்துகளுக்கிடையே 000, சொற்களுக்கிடையே ஏழு 0. ஆக, R என்பது 1011101. பலரும் சறுக்குவது எழுத்தின் முடிவில்தான்: கடைசிக் குறிக்குப் பின் ஒரு 0 போட்டுவிட்டு, மேலும் மூன்று சேர்ப்பார்கள். மொத்தமே மூன்றுதான்.

தொடக்கத்தில் எட்டு 0 விடுங்கள். டிரான்ஸ்மிட்டர் எழுந்து, கேட்பவரின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் சுற்று) திறப்பதற்குள் முதல் எழுத்து விழுங்கப்படாது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிவினாடி, அதாவது கவுண்டரை நகர்த்தும் கடிகாரம் சுமார் 16.7 ஹெர்ட்ஸ்.

அழித்த ஈப்ராமில் எல்லா பிட்டும் 1. மீதி முகவரிகளை 00 கொண்டு நிரப்பாவிட்டால் முடிவில் நீண்ட ஊளைச் சத்தம்தான் வரும்.

2716-க்கு எழுத 25 வோல்ட் வேண்டும். புதிய புரோகிராமர்கள் (சில்லில் எழுதும் கருவிகள்) பலவற்றில் அது இல்லை, சரிபார்ப்பில் தோற்கும். பலகையில் 21-ஆம் கால் 5 வோல்ட்டில் கட்டியிருந்தால் 28சி16 (மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் சில்லு) நேராகப் பொருந்தும். ஈப்ராமையே வைத்திருந்தால் கண்ணாடிச் சாளரத்தை ஒளிபுகா ஒட்டியால் மூடுங்கள்.