பஸ் ஸ்டாப் எங்கே இருக்க வேண்டும்? வரைபடத்தில் கண்டுபிடிக்கும் வழி

முதல் முயற்சியிலேயே ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நடந்து பழகிய ஒரே ஒரு பகுதி போதும். நான் சென்னை குரோம்பேட்டையை எடுத்துக்கொள்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தெரு வரைபடம், ஸ்டாப் பட்டியல் ஆகிய மூன்றும் வேண்டும். பல நகரங்களின் பஸ் விவரம் ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால், ஸ்டாப் ஸ்டாப்பாகப் போய் போனில் இடத்தைக் குறித்து வாருங்கள்.

படி 1: பட்டியலைச் சரிசெய்யுங்கள்

ஒரே ஸ்டாப்பின் பெயர் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், ஒன்றாக்குங்கள். ஆனால் சாலையின் இரு பக்கத்து ஸ்டாப்புகளையும் ஒரே புள்ளியாக்கிவிடாதீர்கள். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால், எதிர்ப்பக்கம் போகவே நல்ல நடை.

படி 2: வட்டம் வேண்டாம், தெருவழியே அளந்து பாருங்கள்

பலரும் ஸ்டாப்பைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே விழும் வீடுகளுக்கெல்லாம் பஸ் வசதி உண்டு என்று கணக்குக் காட்டுகிறார்கள். இது தப்பு. குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டியே ரயில் பாதை போகிறது. சாலையில் உள்ள ஸ்டாப்பைச் சுற்றி வட்டம் போட்டால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராதா நகர் வீடும் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த வீட்டுப் பாட்டி தண்டவாளத்தைத் தாண்டி வர முடியுமா? கடக்கிற இடம் வரை போய், சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் தெரு, ஸ்டாப் இரண்டு லேயரையும் (வரைபட அடுக்கையும்) மீட்டரில் அளக்கும் யுடிஎம் என்ற ஆயமுறைக்கு மாற்றுங்கள். அதில் சென்னைக்கு உரிய மண்டலம் 44 வடக்கு. இதை மறந்தால் 400 என்பது மீட்டராக இருக்காது, டிகிரியாகிவிடும். அப்புறம் பிராசஸிங் டூல்பாக்ஸில், நெட்வொர்க் அனாலிசிஸ் பிரிவில் ‘சர்வீஸ் ஏரியா ஃப்ரம் லேயர்’ கருவியைத் திறந்து, தூரத்தில் 400 கொடுத்து ஓட்டுங்கள். ஸ்டாப்பிலிருந்து 400 மீட்டர் நடைக்குள் வரும் தெருக்கள் நிறம் ஏறிக் காட்டும். நிறம் ஏறாத தெருக்களைப் பாருங்கள். புது ஸ்டாப்போ சிற்றுந்தோ அங்கேதான் தேவை.

படி 3: பஸ்களை வலையாக்குங்கள்

வலை என்றால் ஸ்டாப்புகள் புள்ளிகளாகவும், அவற்றை இணைப்பவை கோடுகளாகவும் இருக்கும் படம். இரண்டு வலை வேண்டும். முதல் வலையில் அடுத்தடுத்த ஸ்டாப்புகளை மட்டும் இணைத்து, ஒவ்வொரு கோட்டிலும் பயண நிமிடத்தை எழுதுங்கள். இரண்டாவதில், ஒரே பஸ் நிற்கும் எல்லா ஸ்டாப்புகளையும் ஒன்றோடொன்று இணையுங்கள். 29சி பஸ் ஓடுவதால் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நேர்க்கோடு வரும். இந்த வலையில் ஓர் இடத்துக்குப் போக 3 கோடு தேவை என்றால், 3 பஸ் ஏற வேண்டும், 2 முறை மாற வேண்டும். பைத்தான் நிரல்மொழிக்கான நெட்வொர்க்எக்ஸ் என்ற தொகுப்பு இதை நொடியில் எண்ணித் தரும்.

முதல் வலையின் பயண நிமிடத்தோடு காத்திருப்பையும் சேருங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தாலும், நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார்.

படி 4: மாற்றி ஓட்டுங்கள்

ஒரு ஸ்டாப்பை 100 மீட்டர் நகர்த்தி, எத்தனை தெருக்கள் புதிதாக நிறம் பெறுகின்றன என்று பாருங்கள். நெருக்கமாக இருக்கும் இரண்டு ஸ்டாப்புகளில் ஒன்றை நீக்கத் தோன்றும். மருத்துவமனை வாசல் ஸ்டாப் என்றால் நான் நீக்க மாட்டேன். கட்டுப் போட்ட காலோடு 200 மீட்டர் ரொம்பத் தூரம்.

இடம் முடிவானதும் காலை 8 மணிக்கு ஒருமுறை அங்கே நடந்து பாருங்கள். திறந்த கால்வாயோ பூட்டிய கேட்டோ குறுக்கே இருந்தால், அந்தத் தெருக்கோட்டை நீக்கிவிட்டு படி 2-ஐ மறுபடி ஓட்டுங்கள்.