கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பின் முயல் தேறும் நாட்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண் முயலின் சூலகங்களையும் கருப்பையையும் அகற்றிய பின், அதனை அட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வரும் மாலையில், நம்மில் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது அதன் வயிற்றில் இருக்கும் தையலைத்தான். தையல் துப்புரவாக இருக்கிறது, இரத்தம் கசியவில்லை, முயலும் ஒரு மூலையில் அமைதியாகக் குந்தியிருக்கிறது என்று கண்டதும், நன்றாக உறங்கி எழும்பட்டும் என்று விளக்கை அணைத்துவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். மறுநாள் காலையில் வைத்த கீரை வைத்தபடியே வாடிக் கிடந்தது. விரித்திருந்த துணியில் ஒரு புழுக்கைகூட இல்லை. மிருக வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் தையலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது புழுக்கை போட்டது என்ற இரண்டை மட்டுமே கேட்டார். எங்கள் முயல் பிழைத்துக்கொண்டது. அன்று நாங்கள் பட்ட பாடு வேறு வீட்டில் நிகழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்த மனிதரையோ நாயையோ ஓர் இரவு பட்டினியாக விட்டாலும் பெரிதாக எதுவும் நேர்வதில்லை என்பதால், முயலுக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முயலின் குடல் இரவு பகலாக அசைந்துகொண்டே இருக்க வேண்டிய அமைப்பைக் கொண்டது. அதன் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களே நார்ப்பொருளைச் செரிக்கச் செய்கின்றன. வலியாலும் பயத்தாலும் மயக்க மருந்தாலும் அது உண்பதை நிறுத்தினால் குடல் அசைவு தளர்கிறது, உள்ளே வாயு சேர்கிறது, வாயு தரும் வலியால் உண்ணும் விருப்பம் இன்னும் குறைகிறது. வீடு வந்த சில மணித்தியாலங்களுக்குள் அது எதையாவது கொறிக்கத் தொடங்க வேண்டும். 12 மணித்தியாலங்கள் கடந்தும் அது உண்ணவோ புழுக்கை போடவோ இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு முயலைப் பட்டினி போடுவதும் இதே பிழையின் மறுபக்கம்தான். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், நாய்க்குச் சொல்லப்படும் நீண்ட பட்டினி அதற்குத் தேவையில்லை.

உண்ண வைப்பதற்காகப் புதிய சுவைகளைத் தேடி வாழைப்பழம், பாண், பிஸ்கட் என்று வாயருகே நீட்டுவது உதவாது. இனிப்பும் மாவும் தளர்ந்திருக்கும் குடலை மேலும் குழப்பும். அது நாள்தோறும் விரும்பித் தின்ற புல்லையே தர வேண்டும். வெளிநாட்டு உலர்புல் வன்னியில் எளிதில் கிடைப்பதில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. கினிப்புல்லும் அறுகம்புல்லும் போதிய நாரைக் கொடுக்கும். ஆனால் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் வரம்புகளிலோ வாய்க்கால் கரைகளிலோ புல் அறுப்பவர்கள், அங்கே களைநாசினி தெளிக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. தண்ணீரைப் போத்தலில் தொங்கவிடுவதைக் காட்டிலும், கவிழாத மண்சட்டியில் வைத்தால் களைத்த முயல் கூடுதலாகக் குடிக்கும். எதையும் தொடாதபோது, ஊறவைத்துக் கரைத்த தீனியை ஊசியில்லாத சிறிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம் என்றாலும், அளவை வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். வயிறு உப்பிக் கல்லாக இருக்கும்போது ஒருபோதும் வலிந்து ஊட்டக் கூடாது.

அடுத்த தவறு, முயலின் அமைதியை நிம்மதி என்று எண்ணுவது. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி தன் நோவை வெளியே காட்டாது. உடலைக் குறுக்கிக் கூன் போட்டு இருப்பதும், கண்களைப் பாதி மூடியிருப்பதும், சத்தம் கேட்கும்படி பல்லை நறநறவென்று கடிப்பதும், தடவும்போது விலகிப் போவதும் வலியின் அடையாளங்கள். வைத்தியர் தந்த மெலோக்சிகாம் போன்ற வலிநிவாரணியை, "இப்போது ஓடித் திரிகிறதே" என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுவோர் பலர். அது ஓடித் திரிவதே அந்த மருந்தினால்தான். வீட்டில் மிஞ்சிய பனடோலையோ நாய்க்கு வாங்கிய வலி மாத்திரையையோ உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

மருந்து பற்றிப் பேசும்போது, மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. காயம் சிவந்திருப்பதைக் கண்டு, பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்த அமொக்சிசிலினை வாய்வழியே கொடுத்தால் முயல் இறந்துபோகலாம். வாய்வழி பெனிசிலின் வகை மருந்துகளும் கிளிண்டமைசினும் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு சுரக்கும் பக்டீரியாக்கள் பெருக இடம் கொடுக்கின்றன. எமது பகுதிகளில் கால்நடை வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றையே நாள்தோறும் பார்க்கிறார்கள்; ஆகவே எந்த மருந்தை எழுதினாலும், "இது முயலுக்கு வாய்வழியே கொடுக்கத் தகுந்ததா, ஐயா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிழைகள் நிகழ்கின்றன. மயக்கம் தெளியும் முதல் சில மணித்தியாலங்களில் முயலின் உடல் குளிர்ந்துவிடும் என்பதால், அப்போது மின்விசிறியின் நேர்க்காற்றிலோ வெறும் சீமெந்துத் தரையிலோ விடாமல், பழைய சாரத்தை மடித்து விரித்து அதன் மேல் வைக்க வேண்டும். மறுநாளோ நிலைமை தலைகீழாகிறது. முயலுக்கு 20 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமே இதமானது. சோளகம் வீசும் மாதங்களில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நண்பகல் வெப்பம் 33 பாகையையும் தாண்டும்போது, தகரக் கூரையின் கீழுள்ள கூட்டுக்குள் காயத்தோடு கிடப்பது அதற்குத் தாங்க முடியாத வேதனை. வீட்டுக்குள் நிழலான அறையில் வைத்து, உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகே கிடத்தினால், வேண்டியபோது அதுவே சாய்ந்துகொள்ளும். வெப்பத்தைத் தணிப்பதாக நினைத்துக் குளிப்பாட்டுவது பெருந்தவறு. காயம் நனைவதோடு, அச்சத்தாலேயே முயல் அதிர்ச்சிக்குள்ளாகலாம்.

வீட்டுக்குள் வைப்பதற்கு இன்னொரு காரணம் இலையான்கள். ஈரமும் சிறுநீர் வாடையும் இருக்கும் உரோமத்தில் அவை முட்டையிட்டால், ஒரு நாளுக்குள்ளேயே புழுக்கள் வெளிப்பட்டுத் தசையை அரிக்கத் தொடங்கிவிடும். எனவே மரத்தூளையும் மணலையும் அகற்றித் துணியோ பழைய பத்திரிகையோ விரித்து, காலையும் மாலையும் தையலையும் வாலடியையும் பார்க்க வேண்டும். காயத்தின் மேல் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசுவது அன்பினால் செய்யப்படுவதே என்றாலும், எண்ணெய் உரோமத்தைச் சடையாக்கி அழுக்கைப் பிடித்து வைக்கும். முயல் அதனை நக்கவும் தொடங்கும். தையலை இடைவிடாமல் கடித்தாலன்றிக் கழுத்துக் கூம்பையும் மாட்டக் கூடாது. குதத்திலிருந்து நேரடியாக உண்ணும் மென்புழுக்கையை முயல் எட்ட முடியாமல் அது தடுக்கும்.

காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை இந்த நாட்களிலாவது கட்டாயம் நிறுத்த வேண்டும். ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் பின்பகுதியையும் தாங்காமல் தூக்கினால், அது பின்னங்காலால் உதறும் வேகத்தில் தையலோடு முதுகெலும்பும் சேதமடையலாம். உயரத்தில் ஏறிக் குதிக்க விடக் கூடாது. அதே வேளை, அசையவே இடமில்லாத சிறு கூட்டில் 10 நாட்கள் அடைத்துவைப்பதும் குடலுக்கு நல்லதல்ல. ஏறி மிதிக்கக்கூடிய ஆண் முயலை அந்த நாட்களில் வலைக்கு அப்பால், ஒன்றின் வாசனை மற்றொன்றுக்கு எட்டும் தூரத்தில் வைப்பது நல்லது.

சில மாற்றங்களைக் கண்டு வீணாகப் பதற வேண்டியதில்லை. முதல் நாட்களில் புழுக்கை சிறுத்திருக்கலாம். தான் உண்ட இலைகளின் நிறமியால் சிறுநீர் செம்மையாகவும் தோன்றலாம். ஆனால் பல்முரசு வெளிறிப்போவது, காயம் திறப்பது, இரத்தம் சொட்டுவது, காதுகள் குளிர்ந்து உடல் துவள்வது ஆகியவற்றைக் கண்டால் உடனே புறப்பட வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து முச்சக்கர வண்டியில் வைத்தியரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது அங்கு வாழ்வோருக்குத் தெரியும். ஆகவே, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது வார இறுதிக்கோ போயா விடுமுறைக்கோ முந்திய நாளைத் தவிர்த்து, வாரத் தொடக்கத்தில் ஒரு காலை வேளையைக் கேட்டு வாங்குங்கள். இரவில் அழைக்கக்கூடிய தொலைபேசி இலக்கத்தையும் அன்றே எழுதி, முயல் இருக்கும் அறையின் சுவரில் ஒட்டிவையுங்கள்.