பாய்மரப் படகுக்கு நங்கூரமும் சங்கிலியும் வாங்குவது எப்படி?

நீண்ட பயணம் போகும் பாய்மரப் படகுக்கு முதன்முறையாக நங்கூரம் வாங்குகிறீர்கள் என்றால், கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். எடையைக் கூட்ட இடம் இருந்தால், அதை நங்கூரத்தில் கூட்டுங்கள். சங்கிலியைத் தேவையான பலத்துக்கு வாங்கினால் போதும். அதற்குமேல் தடிமனாக வாங்குவதைவிட நீளமாக வாங்குவது நல்லது.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சங்கிலியின் கனம்தான் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்று ஒரு நம்பிக்கை. லேசான காற்றில் அது ஓரளவு உண்மைதான். சங்கிலி தொய்ந்து தரையில் கிடக்கும். காற்று பலமாக வீசும்போது அந்தத் தொய்வெல்லாம் போய் சங்கிலி கம்பி போல விறைத்துவிடும். அந்த நேரத்தில் தரையைக் கவ்வியிருக்கும் நங்கூரத்தைத் தவிர வேறு பிடி இல்லை.

படி 1: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

படகின் நீளம், முழுச் சுமையோடு அதன் எடை, தண்ணீர் மட்டத்திலிருந்து முகப்பு ரோலர் (படகின் முன்முனையில் சங்கிலி ஓடும் உருளை) எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, நீங்கள் வழக்கமாக நிற்கப்போகும் இடங்களின் ஆழம், அங்கே ஓதம் (கடல் ஏற்றம்) எத்தனை மீட்டர் ஏறும் என்பவை வேண்டும். எடையைக் குறிக்கும்போது படகின் விளம்பரத் தாளில் இருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். அது காலிப் படகின் எடை. தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறியபின் உள்ள எடைதான் கணக்கு.

காற்றைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் அசையாமல் நின்ற நங்கூரம் 30 நாட்டிலும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

படி 2: நங்கூரத்தின் வகை

பழைய படகுகளில் அதிகம் தென்படுவது சிக்யூஆர். கலப்பைக் கொழு போன்ற வடிவம், நடுவில் ஒரு மூட்டு. திரவ இயக்கவியலில் பெயர் பெற்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1933-ல் உருவாக்கியது இது. அவரே பாய்மரப் படகு ஓட்டியவர். அப்புறம் 1970-களில் வந்த புரூஸ், மூன்று நகம் கொண்டது. டெல்டா என்பது மூட்டு இல்லாத கலப்பை. இவை எல்லாம் இன்றும் வேலை செய்கின்றன. ஆனால் புதிதாக வாங்குகிறவர் இவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஸ்பேட், ரோக்னா, மேன்சன் சுப்ரீம், மான்டஸ் போன்ற பிந்தைய தலைமுறை நங்கூரங்களில் முனை கூர்மையாகவும், மண்ணைக் கவ்வும் பரப்பு உட்குழிவாகவும் இருக்கும். அதனால் சீக்கிரம் தரையில் இறங்கும், இழுக்க இழுக்க ஆழப் புதையும். சிலவற்றில் மேலே வளைவாக ஒரு குழாய் இருக்கும். நங்கூரம் கவிழ்ந்து விழுந்தாலும் உருட்டி நேராக்குவது அதன் வேலை. அந்த வளைவு உங்கள் படகின் முகப்புக் கம்பிவேலியில் முட்டும் என்றால், வளைவு இல்லாத ஸ்பேட் அல்லது வல்கன் பாருங்கள்.

எந்த நங்கூரமும் எல்லாத் தரைக்கும் ஒத்து வராது. மணலிலும் இறுகிய களியிலும் பெரும்பாலானவை நன்றாகப் பிடிக்கும். அடர்ந்த கடற்புல்லிலும் பாறையிலும் எதுவுமே நம்பகமில்லை. கொழகொழ சேற்றுக்குப் பரப்பு அதிகம் வேண்டும். இரண்டு தட்டையான கொழு கொண்ட டான்ஃபோர்த் வகை அங்கே நன்றாக நிற்கும்.

படி 3: நங்கூரத்தின் எடை

தயாரிப்பாளர்கள் எல்லாரும் அட்டவணை தருகிறார்கள். 10 மீட்டர், 5 டன் படகுக்கு 15 கிலோ, 12 மீட்டர், 9 டன் படகுக்கு 25 கிலோ என்ற அளவில் இருக்கும். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் எத்தனை நாட் காற்றுக்கு இந்தக் கணக்கு என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 30 நாட்டுக்குப் போட்ட அட்டவணையையும் 50 நாட்டுக்குப் போட்டதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பொருளே இல்லை. இரண்டு அளவுகளுக்கு இடையில் தடுமாறினால் பெரியதை எடுங்கள்.

பெரியது ரோலரில் உட்காருமா? இங்கேதான் அட்டைப் பெட்டி உதவும். தயாரிப்பாளரின் வரைபடத்தில் உள்ள அளவுகளை வைத்து நங்கூரத்தின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் அட்டையில் வெட்டுங்கள். அதை முகப்பு ரோலரில் வைத்து, நங்கூரம் மேலே வரும்போது எப்படித் திரும்புமோ அப்படித் திருப்பிப் பாருங்கள். கொழுவின் முனை படகின் உடம்பைத் தொடுகிறதா, தண்டு ரோலரின் பக்கத் தகடுகளுக்கு நடுவே போகுமா, பூட்டும் ஊசி எங்கே விழும் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே துருப்பிடித்து வளைந்த ரோலர் என்றால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்து மாற்றிவிடுங்கள்.

படி 4: சங்கிலி எவ்வளவு நீளம்

கணக்கு எளிது. தண்ணீரின் ஆழம், ரோலரின் உயரம், இனி ஏறப்போகும் ஓதம் மூன்றையும் கூட்டுங்கள். ஆழம் 6 மீட்டர், ரோலர் 1.2 மீட்டர், ஓதம் 1.8 மீட்டர் என்றால் மொத்தம் 9. முழுச் சங்கிலி என்றால் அதன் 5 மடங்கு, அதாவது 45 மீட்டர். சங்கிலியோடு கயிறு சேர்ந்தது என்றால் 7 மடங்கு, 63 மீட்டர். காற்று கூடும் என்று தெரிந்தால் இன்னும் விட வேண்டும். ரோலரின் உயரத்தை மறந்துவிட்டு ஆழத்தை மட்டும் பெருக்குகிறவர்கள் ஆழமில்லாத இடத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள்: 3 மீட்டர் தண்ணீரில் அந்த 1.2 மீட்டர் சின்ன எண் இல்லை.

இந்தக் கணக்கில் பார்த்தால் 60 மீட்டர் சங்கிலியும் அதன் பின்னால் 40 மீட்டர் நைலான் கயிறும் நல்ல தொடக்கம். கயிறு நைலானாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அது இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பக்கத்துப் படகின் சுழலியில் போய் மாட்டும்.

படி 5: சங்கிலியின் தடிமனும் தரமும்

8 மி.மீ. சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, 10 மி.மீ. சுமார் 2.25 கிலோ. 60 மீட்டருக்கு வித்தியாசம் 50 கிலோ. அது முழுக்கப் படகின் மூக்கில் உட்காரும். அலையில் மூக்கு குத்தும்.

கிரேடு என்பது சங்கிலியின் பலத்தைச் சொல்லும் தர எண். கிரேடு 30 சங்கிலியில் 8 மி.மீ. அறுபடும் சுமை 3.2 டன் அளவில், 10 மி.மீ.க்கு 5 டன் அளவில். கிரேடு 40 அல்லது 43 எடுத்தால் அதே தடிமனில் பலம் கூடும். கிரேடு 70 இன்னும் பலமானது. ஆனால் அதன் கண்ணிக்குள் நுழையும் அளவில், அதே பலத்தோடு ஷேக்கிள் (ஆணி போட்டுப் பூட்டும் U வடிவ இணைப்பு) கிடைப்பது கஷ்டம். ஆகவே முதல்முறை வாங்குகிறவருக்கு 40 அல்லது 43 போதும். துத்தநாக முலாம் பூசியதையே வாங்குங்கள். எவர்சில்வர் போல மின்னும் ஸ்டெயின்லெஸ் சங்கிலி பார்க்க அழகு, ஆனால் காற்றுப்படாத இடுக்குகளில் வெளியே தெரியாமல் அரிக்கும். முலாம் பூசியது துருப்பிடித்தால் கண்ணில் படும்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். சங்கிலியை இழுக்கும் விண்ட்லஸில் ஜிப்ஸி என்ற பல்சக்கரம் இருக்கும். சங்கிலிக் கண்ணிகள் அதன் பள்ளங்களில் கச்சிதமாக உட்கார வேண்டும். 10 மி.மீ. என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. டின் 766 தரத்தில் ஒரு கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., ஐஎஸ்ஓ 4565-ல் 30 மி.மீ. ஒரு கண்ணியைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் பத்துக் கண்ணிகளை விறைப்பாக நீட்டி, முதல் கண்ணியின் உள்விளிம்பிலிருந்து பத்தாவதின் அந்தப்பக்க உள்விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 10 மி.மீ. சங்கிலியில் 280 மி.மீ. வந்தால் டின், 300 வந்தால் ஐஎஸ்ஓ. மாறிப் போனால் சங்கிலி பல்லில் ஏறாமல் துள்ளும், அல்லது வழுக்கிக் கடகடவென்று கீழே ஓடும். 3/8 அங்குலச் சங்கிலி 10 மி.மீ.க்குச் சமம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஜிப்ஸியில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் முழுச் சங்கிலியையும் வாங்கும் முன் ஒரு மீட்டர் துண்டை ஓட்டிப் பாருங்கள்.

படி 6: இணைப்புச் சாமான்கள்

ஷேக்கிளில் பாதுகாப்பான சுமை பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத ஷேக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஆணியை இறுக்கியபின் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் தானே கழன்றுவிடும். ஸ்விவல், அதாவது சங்கிலி முறுக்காமல் சுழலும் இணைப்பு, பெரும்பாலான படகுகளுக்குத் தேவையே இல்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் நங்கூரத் தண்டில் நேராக மாட்டாமல் நடுவே சில கண்ணிகள் விடுங்கள். பக்கவாட்டு இழுப்பு ஸ்விவலை ஒடித்துவிடும்.

ஸ்னப்பர் என்பது சங்கிலியில் கொக்கியால் மாட்டி, படகின் கட்டைத்தூணில் கட்டும் நைலான் கயிறு. 10 அல்லது 12 மி.மீ. தடிமன், 8 மீட்டர் நீளம் இருந்தால் சரி. சுமை விண்ட்லஸில் விழாமல் இது வாங்கிக்கொள்ளும்.

சங்கிலியின் கடைசி நுனியைச் சங்கிலிப் பெட்டிக்குள் ஷேக்கிள் போட்டுப் பூட்டாதீர்கள். மேல்தளம் வரை எட்டும் நீளத்தில் ஒரு கயிற்றால் கட்டுங்கள். நங்கூரத்தைக் கைவிட்டு ஓட வேண்டிய ராத்திரியில் அதைக் கத்தியால் அறுக்க முடியும்.

படி 7: இரண்டாவது நங்கூரம்

இதை உடனே வாங்க வேண்டியதில்லை, ஆனால் தூரப் பயணத்துக்கு முன் வாங்குங்கள். அலுமினியத்தில் செய்த டான்ஃபோர்த் வகை நங்கூரமான ஃபோர்ட்ரெஸ் நல்ல தேர்வு. எடை குறைவு என்பதால் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தூரத்தில் இறக்கலாம், கழற்றி அடுக்கி வைக்கலாம். கொழுவின் கோணத்தை 32 டிகிரியிலிருந்து 45-க்கு மாற்றினால் சேற்றில் பிடிப்பு கூடும். அதோடு 10 மீட்டர் சங்கிலியும் நீளமான நைலான் கயிறும் சேர்த்து வாங்குங்கள். தரை தட்டினால் படகை இழுத்து மீட்கவும், பின்பக்கம் ஒரு பிடி போடவும் இது உதவும். காற்று திசை மாறும் இரவுகளில் மட்டும் இதைத் தனியாக நம்ப வேண்டாம். இழுப்பு திரும்பும்போது இந்த வகை பெயர்ந்து வந்து, மறுபடி தரையில் இறங்காமலே போகலாம்.